குன்னூரில் குடியிருந்து கோவைக்குத் தினமும் ரயிலில் போய்வர முடியுமா?

எண்ணூரில் வசித்தபடி பல ஆண்டுகளாகக் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போய்வந்த நீங்கள், இப்போது கோவைக்கு மாற்றலாகி வருவதாகவும், கடற்கரையிலிருந்து நகரத்துக்குப் போய்வந்ததைப் போலவே குன்னூரில் வீடு எடுத்து மலையிலிருந்து நகரத்துக்குப் போய்வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில்தான் ரயில் நிலையம் இருக்கிறதே என்பது உங்கள் வாதம். ரயில் இருப்பது உண்மை. ஆனால் நீங்கள் கீழே இறங்க வேண்டிய நேரத்தில் அது மேலே ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் மேலே திரும்ப வேண்டிய நேரத்தில் அது கீழே இறங்கி முடித்திருக்கும்.

கால அட்டவணையைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயில் பத்தரை மணியளவில் குன்னூரையும் நண்பகலில் உதகையையும் அடைகிறது. திரும்பும் வண்டி பிற்பகல் 2 மணிக்கு உதகையில் கிளம்பி, மூன்றேகால் மணியளவில் குன்னூரை விட்டு, மாலை ஐந்தரை மணியை ஒட்டி மேட்டுப்பாளையம் சேர்கிறது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே அன்றாடம் ஓடுவது இந்த ஒரு ஜோடி வண்டிதான். கோடைக்காலத்திலும் விடுமுறை நாட்களிலும் சிறப்பு ரயில்கள் விடப்படுவதுண்டு என்றாலும், அவை சுற்றுலாப் பயணிகளுக்காக விடப்படுபவை. அவற்றை நம்பி யாரும் வேலைக்குச் சேர முடியாது.

இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் அட்டவணை இப்படி இருப்பதில் வியப்பேதும் இல்லை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873-லேயே ரயில் வந்துவிட்டது. அதன் பிறகும் கால் நூற்றாண்டுக் காலம், மலையேற வந்தவர்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும்தான் மேலே சென்றார்கள். மலைக்கு ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854-இலேயே எழுந்தபோதும், வேலை 1891-இல்தான் தொடங்கியது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாண அரசு கோடையில் உதகைக்கு இடம்பெயரும் வழக்கம் இருந்தது. ஆகவே கீழிருந்து வருபவரை மேலே ஏற்றிவிடுவதே இந்தப் பாதையின் முதல் வேலையாக இருந்தது. மேலே இருப்பவரைக் காலையில் கீழே இறக்கி மாலையில் திரும்பக் கொண்டுசேர்க்கும் எண்ணம் அதில் ஒருபோதும் இருந்ததில்லை. இன்றைக்கும் சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் மணியளவில் மேட்டுப்பாளையத்துக்கு வர, அதில் வந்தவர்கள் முகம் கழுவிக் காபி குடித்துவிட்டு மலை ரயிலில் ஏறுவதற்கு வசதியாகவே 7.10 என்ற நேரம் அமைந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் கதை வேறு. கடற்கரை–தாம்பரம் பாதையும் தொடக்கத்தில் எங்கள் மலைப் பாதையைப் போல மீட்டர் கேஜ்தான். ஆனால் 1931-லேயே அதை மின்மயமாக்கி, ஆபீசுக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து வண்டிகளை அடுக்கடுக்காக விட்டார்கள்.

ஒருவேளை ரயில்வே நாளையே மனமிரங்கிக் காலை 6 மணிக்குக் குன்னூரிலிருந்து ஒரு வண்டியைக் கீழே இறக்கினாலும் உங்களுக்கு அது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாதை 12.28 அடி தூரத்துக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்தாக ஏறுகிறது. இந்தச் சரிவில் வழுவழுப்பான தண்டவாளத்தை மட்டும் நம்பி இரும்புச் சக்கரம் ஏறாது. எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டு பல்சட்டங்களைப் பக்கம் பக்கமாக, ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்துக்கு நேராக வரும்படி பதித்திருக்கிறார்கள். என்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றன. ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருப்பதால் வண்டி நழுவுவதில்லை. ஆப்ட் முறை எனப்படும் இந்த ஏற்பாட்டோடு இயங்கும் ரயில் பாதை இந்தியாவில் இது ஒன்றுதான். நீராவி என்ஜின் எப்போதும் வண்டியின் பள்ளத்துப் பக்கம் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்மேன் ஒருவர் கொடியோடு நின்று, பாதை சரியாக இருக்கிறது என்பதை அடுத்த பெட்டிக்காரருக்குக் காட்ட, அவர் அடுத்தவருக்குக் காட்ட, அது கடைசியில் என்ஜின் ஓட்டுநருக்குப் போய்ச் சேரும். இடையில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வேறு நிற்க வேண்டும். இப்படியெல்லாம் போகும் வண்டி பல்சட்டப் பகுதியில் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்க மட்டுமே இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பேருந்து அதில் பாதி நேரத்தில் இறங்கிவிடும். 16 குகைகளையும் 250 பாலங்களையும் 208 வளைவுகளையும் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு எண்ணிப் பாருங்கள். அதற்குத்தான் 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மலைக்குள்ளேயே வேலை என்றால் பதில் மாறிவிடும். குன்னூருக்கு மேல் பல்சட்டம் இல்லை. அங்கே நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினைப் பூட்டுகிறார்கள். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஒரு நாளைக்குப் பல வண்டிகள் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஓடுகின்றன. காலை எட்டு மணிக்குச் சற்று முன் குன்னூரில் கிளம்பும் வண்டி ஒன்பது மணியை ஒட்டி உதகை சேர்கிறது. இந்த வண்டிகளில் சன்னலோரத்தில் கேமராவோடு தொங்குகிறவர்களுக்கு நடுவே, சன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மடியில் பையை வைத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்களை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம். மலை ரயிலின் அசல் தினசரிப் பயணிகள் அவர்கள்தாம். உங்கள் மாற்றல் உதகைக் கிளைக்கு என்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

இனி கோவை. நான் அருவங்காட்டில் பிறந்து குன்னூரில் வளர்ந்தவன். பதினான்கு மாதங்கள் குன்னூரிலிருந்து கோவைக்கு அன்றாடம் போய்வந்திருக்கிறேன். அது எப்படி நடக்கும் என்பதை அதனால் என்னால் மணிக்கணக்காகவே சொல்ல முடியும். குன்னூர் பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணியளவில் பேருந்து பிடித்தால், காட்டேரி, பர்லியார், கல்லாறு வழியாக ஒன்றேகால் மணி நேரத்தில் மேட்டுப்பாளையம். அங்கே பேருந்து நிலையத்திலிருந்து ரயில் நிலையம் நடந்துபோகும் தூரம்தான். எட்டு மணிக்குச் சற்றுப் பின் கிளம்பும் கோவைப் பயணிகள் ரயில் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கோவை வடக்கு என நின்று, முக்கால் மணி நேரத்தில் கோவை சந்திப்பை அடைந்துவிடும். மாலையில் ஆறு மணியை ஒட்டிய ரயிலைப் பிடித்தால், ஏழு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பேருந்து. எட்டரைக்கு மேல் வீடு. காலையில் ஐந்தேமுக்காலுக்கு வாசலைப் பூட்டுகிறவர் இரவு எட்டேமுக்காலுக்குத் திறக்கிறார். பதினைந்து மணி நேரம். இதில் ரயிலில் கழிவது ஒன்றரை மணி நேரம் மட்டுமே. ரயில் நேரங்கள் அவ்வப்போது சில நிமிடங்கள் முன்பின் மாறும். கிளம்புவதற்கு முன் நடப்பு அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணூரிலிருந்து போய்வந்தபோது உங்களுக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது; அதை எந்த அட்டவணையும் சொல்லாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். ஆகவே நாள்தோறும் ஏறத்தாழ 1,400 மீட்டர் இறங்கி அதே அளவு ஏறுகிறீர்கள். டிசம்பர் மாதத்துக் காலையில் ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர் என்று ஏறி உட்கார்ந்தால், காட்டேரி தாண்டும்போது மப்ளர் கழுத்திலிருந்து மடிக்கு வரும். பர்லியாரில் காது அடைத்து ஒருமுறை திறக்கும். கல்லாறுப் பாலத்துக்குள் ஸ்வெட்டரும் பைக்குள் போய்விடும். என்னோடு தினமும் வந்த ஒருவர், பர்லியார் சோதனைச் சாவடியில் பேருந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் எழுந்து நின்று ஸ்வெட்டரைக் கழற்றி, கைகளை உள்ளே மடித்து, சுருட்டி, சாப்பாட்டுப் பைக்கும் குடைக்கும் நடுவே செருகுவார். வண்டி அன்று சாவடியில் நிற்காமல் போய்விட்டால் மேட்டுப்பாளையம் வரை வியர்த்தபடியே உட்கார்ந்திருப்பார். வளைவுகளில் வாந்தி வரும் உடல்வாகு என்றால் முதல் மாதம் கடினமாகத்தான் இருக்கும். வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ அன்றி ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில் அமர்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வாருங்கள், புத்தகமோ கைப்பேசியோ கையில் எடுக்காதீர்கள். எண்ணூர் ரயிலில் நின்றுகொண்டே செய்தித்தாள் படித்த பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டியதுதான்.

குன்னூரிலிருந்து கோவைக்கு நேரடிப் பேருந்தும் இருக்கிறதே, எதற்காக மேட்டுப்பாளையத்தில் இறங்கி ரயிலுக்கு ஓட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சாலை காலியாக இருந்தால் நேரடிப் பேருந்தே மேல். ஆனால் மேட்டுப்பாளையம் சாலை துடியலூரைத் தாண்டிவிட்டால் வேலை நேரத்தில் நெரியும். கவுண்டம்பாளையத்தில் மேம்பாலம் வந்த பிறகும் காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் போவது உங்கள் கையில் இல்லை. ரயிலுக்கு அந்தக் கவலை கிடையாது. தவிர, மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் பேருந்துக் கட்டணத்தோடு ஒப்பிடும்போது செலவு மிகக் குறைவு. (எங்கள் மலையில் சீசன் என்றால் ஏப்ரல், மே மாதக் கூட்டம் என்று பொருள், டிக்கெட் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் புரியாது.) ரயிலின் குறை, எண்ணிக்கை. மேட்டுப்பாளையம் கிளைப் பாதை ஒற்றைத் தண்டவாளம், வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்தது மணிக்கணக்கில் தள்ளித்தான் வரும். எண்ணூரில் ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி என்று நின்றிருப்பீர்கள். இங்கே மாலை ரயிலைத் தவறவிட்டவர் ரயில் நிலையத்தில் நிற்பதில்லை. நேரே மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்கிறார்.

உங்கள் அலுவலகம் கோவையில் எந்தப் பக்கம் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை; முடிவு பெரும்பாலும் அதைப் பொறுத்ததே. ரயில் நிலையம், டவுன்ஹால், உக்கடம் பக்கம் என்றால் சந்திப்பில் இறங்குவது சரி. காந்திபுரம் பக்கம் என்றால் கோவை வடக்கில் இறங்கிக்கொள்ளுங்கள். சரவணம்பட்டி, கீரணத்தம் வட்டாரத்துக் கணினி நிறுவனங்கள் என்றால் சந்திப்பு வரை போவது வீண். துடியலூரில் இறங்கி வெள்ளக்கிணறு வழியாகக் குறுக்கே போய்விடலாம், நகருக்குள் நுழையவே வேண்டாம். பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் என்றால் உங்களைவிடக் கொடுத்துவைத்தவர் இல்லை. ஆனால் அவிநாசி சாலையில் சின்னியம்பாளையம், நீலாம்பூர் பக்கம் என்றால் ரயிலை மறந்துவிடுங்கள். சந்திப்பில் இறங்கிய பிறகு இன்னொரு பயணம் பாக்கியிருக்கும்.

இனி மழை. தென்மேற்குப் பருவக்காற்றில் மேல்மலையில் மரங்கள் விழும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சரிவில் மண் சரியும். உங்களுக்குக் கவலை தர வேண்டியது இரண்டாவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வோர் ஆண்டும் பாறையோ மண்ணோ தண்டவாளத்தில் விழுந்து மலை ரயில் சில நாட்களாவது ரத்தாவது வழக்கம். 2009 நவம்பரில் பெய்த மழையில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. மாவட்டமெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை ரயில் பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. சாலையை ரயில் பாதையைவிட விரைவாகச் சீர்செய்துவிடுவார்கள் என்பது உண்மையே. என்றாலும் பர்லியாருக்கு மேலே மண் சரிந்துவிட்ட ஓர் இரவில் நீங்கள் மேட்டுப்பாளையத்தில் நின்றுகொண்டிருந்தால், கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு குன்னூர் சேர வேண்டும். அந்தச் சாலையும் மூடப்பட்டிருந்தால் மேட்டுப்பாளையத்தில் தங்க வேண்டும். எனக்குப் பதினான்கு மாதங்களில் மூன்று இரவுகள் அப்படிக் கழிந்தன. அதன்பிறகு ஒரு மாற்றுச் சட்டையை எப்போதும் அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

கோடையில் மழை இல்லை, ஆனால் மனிதர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் மிகும்போது மேலே வரும் வாகனங்களைக் குன்னூர் வழியாகவும் கீழே இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது மாவட்ட நிர்வாகத்தின் வழக்கம். காலையில் இறங்க உங்களுக்கு அது இதமாகவே இருக்கும். மாலையில் ஏறும்போதுதான் மொத்தச் சுற்றுலா வரிசையும் உங்கள் பேருந்துக்கு முன்னால் நிற்கும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்துக்கும் உள்ளூர்ப் பதிவு எண் கொண்ட வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. சென்னைப் பதிவு எண் வண்டியோடு குடியேறுவதாக இருந்தால் வந்தவுடன் அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

கொடைக்கானலில் தங்கி மதுரைக்குப் போய்வரலாமா என்று இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் ஏறும் ரயிலே கிடையாது. கொடைக்கானல் ரோடு என்று பெயர் கொண்ட நிலையம் அடிவாரத்துக்கும் அப்பால், கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. அங்கே கேள்வியே எழவில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் யோசனை, குன்னூரை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ வீடு பாருங்கள் என்பதே. கோவைக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். எண்ணூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போன அதே நேரம். காலையில் வாசலில் நின்றால் மலை தெரியும். சனிக்கிழமை மாலையில் ஒரு பேருந்து ஏறினால் மலை மேலே இருக்கலாம். ஜூன், ஜூலையில் பர்லியார், கல்லாறு தோட்டங்களின் மங்குஸ்தான் பழம் சந்தைக்கு வரும்போது அதை வாங்கக்கூட மலையேற வேண்டியதில்லை. குறை ஒன்றுதான், வெயில். மலைக் காற்றுக்கு ஆசைப்பட்டு வருகிறவருக்கு மேட்டுப்பாளையத்து ஏப்ரல் மாதம் சற்று ஏமாற்றமாக இருக்கும். எண்ணூர்க்காரரான உங்களுக்கு அந்தப் புழுக்கம் இல்லாததே பெரிய காரியமாகத் தோன்றலாம். அலுவலகம் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தால் மட்டும் குன்னூரை மறுபடி யோசிக்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை இறங்கி ஏறுவதை உடம்பு தாங்கிக்கொள்ளும், ஐந்து முறை என்றால் பிள்ளைகளைத் தூங்கும் நேரத்தில் மட்டுமே பார்ப்பீர்கள்.

அப்படியும் குன்னூர்தான் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், மே மாதத்தில் வந்து வீடு பார்க்காதீர்கள்; அந்த மாதத்தில் குன்னூரைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர் எவரும் இல்லை. நவம்பரில் ஒரு திங்கட்கிழமை பெட்போர்டு பக்கமோ பேருந்து நிலையத்தருகிலோ ஓர் அறை எடுத்துத் தங்கி, காலை ஐந்தேமுக்காலுக்குக் குடையோடு கிளம்பி, கோவைக்குப் போய், மாலை ரயிலில் திரும்பி, மழையில் மேலே ஏறி வாருங்கள். மூன்று நாட்கள் தொடர்ந்து அப்படிச் செய்து பார்த்த பிறகு வீட்டுக்காரரிடம் முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.